சூடம் அணைத்த கை

கல்லில் இரும்பு பட்டால் பொறி பறக்கும் என்று எவன் சொன்னானோ அவனைக் கொண்டுவந்து இந்தப் பாறைக்கு அடியில் உட்கார வைக்க வேண்டும், உட்கார வைத்து, எங்கே நீ அடிடா பார்ப்போம் என்று அரிவாளைக் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தான் வீரணன், நினைத்துக்கொண்டே இன்னொரு தடவை அடித்தான். அரிவாளின் முதுகு வெள்ளைக் கல்லில் வழுக்கிக்கொண்டு போய்ப் பெருவிரல் கணுவில் இடித்தது. தோல் உரிந்தது, வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது, கை விறைத்துவிட்டது என்று அர்த்தம், அடிக்கிற கையே விறைத்துவிட்டது என்றால் சும்மா கிடக்கிற உடம்பு என்ன ஆகும். சும்மா கிடந்தது தவசி, அவன் தங்கை பேச்சியின் புருஷன், வலது தொடை முறிந்து பாறைக் குடைவுக்குள் நீட்டிக் கிடந்தான், பல் அடித்துக்கொள்ளும் சத்தம் நிற்காமல் கேட்டது. ஒரு தீக்குச்சி இருந்தால் போதும். கோடிக் கணக்கில் தீக்குச்சி இருக்கிறது உலகத்தில், பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது, இங்கே ஒன்று இல்லை. காலையில் இருந்தது, ஐயா, முழுப் பெட்டி இருந்தது. தவசியின் சட்டைப் பையிலிருந்து அதைப் பிடுங்கி ஓடையில் விட்டெறிந்தது இதே கைதான். மாசி பிறந்து கோடை மழை இறங்குகிறவரை இவர்கள் இரண்டு பேருக்கும் வேலை மலைமேல் தீக்காவல், புல் காய்ந்து கிடக்கிற மொட்டை மேட்டில் எங்காவது புகை கண்டால் ஓடிப்போய்ப் பச்சைத் தழையால் அடித்து அணைக்கிற வேலை, நெருப்போடு யாரும் மேலே ஏறக் கூடாது என்பது சட்டம். சட்டத்தைவிட வீரணன் பெரிய சட்டம். கேம்ப் வாசலில் நட்டிருக்கும் கருப்பசாமி கல்லுக்கு முன்னால் ஆளாளுக்குப் பீடியையும் தீப்பெட்டியையும் எடுத்து வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும், அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே அவன்தான். முதல் ஓடை தாண்டும்போது தவசியின் பையில் கடகடவென்று சத்தம் கேட்டது. விட்டெறிந்ததோடு விட்டிருக்கலாம், விட்டானா, வேற வச்சிருக்கியா என்று கேட்டான், இல்லை என்று தவசி சொன்னதும் அவன் முகத்தில் இருந்த அசட்டு வழிசல் பிடிக்காமல், உன் பிள்ளை தலையில அடிச்சுச் சொல்லு என்றான். ஏழு வயசுப் பிள்ளை, போன மாசம்தான் காய்ச்சலில் வெட்டி வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தது. அந்தப் பிள்ளையின் தலையில். தவசி கொஞ்ச நேரம் ஓடையைப் பார்த்தான், பிறகு வலது கையை நீட்டி, அங்கே இல்லாத ஒரு தலைமேல் வைப்பதுபோல் வைத்து, பவுனு தலைமேல சத்தியமா வேற இல்ல மச்சான் என்றான்.

மறுபடி அடித்தான். பொறி வந்தது, சிவப்பாய் ஒன்று, கடுகளவு, விழுவதற்குள் செத்தது. பங்குனியில் ஆலங்கட்டி மழை பெய்யும் என்று யார் கண்டது. உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, திடீரென்று மேற்கே கறுத்து, காற்று வந்து, நெல்லிக்காய் நெல்லிக்காயாய்க் கொட்டியது, மலை முழுக்க உப்பைக் கொட்டினதுபோல் வெளுத்துப்போனது. ஓடு என்று சொன்னவனும் வீரணன்தான். ஓடினான் தவசி, கட்டி உருண்டு கிடந்த வழுக்குப் பாறையில் கால் வைத்தான், அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம். இரண்டு ஆள் உயரம் கீழே, ஓடைக் குழியில், கழுத்தளவு தண்ணீரில் கிடந்தான். தொடை இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. வாக்கிடாக்கி தண்ணீர் குடித்துச் செத்துப்போனது, போன் இந்த மலையில் எப்போதுமே செத்ததுதான். இழுத்துக் கரையில் போட்டு, முதுகில் ஏற்றிப் பத்து அடி நடந்தான், பத்தே அடி, தவசி போட்ட சத்தத்தில் எதிர் மலையே திரும்பக் கத்தியது, இறக்கிவிட்டான். கேம்ப்புக்கு நாலு மணி நேர நடை. விட்டுவிட்டுப் போய் ஆளைக் கூட்டி வரலாம்தான், வரும்போது ஆள் இருக்க வேண்டுமே, காலையில் பார்த்த யானைச் சாணம் இன்னும் ஆறவில்லை, கரடி வேறு. யானையும் கரடியும் ஒரு சாக்கு, உண்மையில் அவனைத் தனியாக விட்டுப் போகக் கால் வரவில்லை, பேச்சி முகம் முன்னால் நின்றது. பாறைக் குடைவுக்குள் நகர்த்தி, இரண்டு பேர் சட்டையையும் கழற்றிப் பிழிந்து அவனுக்கே போட்டுவிட்டு, காக்கி கால்சட்டையையும் உருவலாம் என்று இடுப்பில் கை வைத்தான், ஈரத்தோடு கிடந்தால் குளிர் எலும்புக்குள் போகும். அதுவரைக்கும் துவண்டு கிடந்தவன் எங்கிருந்துதான் பலத்தைக் கொண்டுவந்தானோ, வீரணன் கையைப் பிடித்துத் தள்ளினான், தொடாதீங்க மச்சான், தொடாதீங்க. வலி, பாவம், தொடை முறிந்தவனுக்குத் துணி அசைந்தாலே உயிர் போகும். வெட்கமாகவும் இருக்கலாம், மச்சான் முன்னால் அம்மணமாகக் கிடப்பதற்கு. சரி விடு என்று விட்டுவிட்டான். அதற்குப் பிறகு தவசியின் கை அந்த வலது இடுப்பை விட்டு நகரவே இல்லை, பொத்திப் பிடித்தபடி கிடந்தான்.

நெருப்பு வேண்டும். பதினாலு வருஷமாக நெருப்பை அடித்தே பழகின கை, அதற்கு நெருப்பை வரவழைக்கத் தெரியவில்லை, சிரிப்புத்தான் வந்தது, சிரித்தால் தாடை கோணிக்கொண்டு போனது. பார்த்திருக்கிறான் ஒரு தடவை. தேன் எடுக்கிற ஆள் ஒருவனைப் பிடித்தபோது அவன் மடியில் ஒரு மூங்கில் குழாய், குழாய்க்குள் கூந்தற்பனைப் பஞ்சு, மட்டையும் மரமும் சேர்கிற இடத்தில் பழுப்பாய் ஒட்டியிருக்குமே அந்தப் பஞ்சு, ஒரு வெள்ளைக் கல், ஒரு இரும்புத் துண்டு. எங்கே பத்த வை பார்ப்போம் என்று அவனை முட்டி போட வைத்து வேடிக்கை பார்த்தான். அந்த மனுஷன் முகத்தை நிமிர்த்தாமல் இரண்டே தட்டு, பஞ்சில் புகை, வாயால் ஊதி நீட்டினான். வீரணன் அதை வாங்கிக் காலில் போட்டு மிதித்தான். குழாயை உடைத்தான். என்ன கிடைத்தது உனக்கு அதில், என்று இப்போது கேட்டுக்கொண்டான். கல் ஓடையில் கிடைத்தது, இரும்பு இடுப்பிலேயே இருந்தது, பஞ்சுக்கு ஓடைச் சரிவில் நின்ற கூந்தற்பனையில் ஏறி, மட்டை இடுக்கில் விரலை விட்டுச் சுரண்டிக்கொண்டு வந்திருந்தான், மழை அங்கே இறங்கவில்லை, கைப்பிடி பஞ்சு பூனை ரோமம்போல் காய்ந்திருந்தது. பொறி விழுகிறது, பஞ்சு வாங்க மாட்டேன் என்கிறது. என்ன குறைகிறது. அவன் குழாயில் பஞ்சு பழுப்பாகவா இருந்தது, இல்லை, கறுப்பு, மிதித்தபோது உள்ளங்காலில் கறை ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் போகவில்லையே, கரி, கரித்தூள் பிசைந்திருந்தான். மழையில் நனைந்த மலையில் கரிக்கு எங்கே போவது. போக இடம் இருந்தது. நூறு எட்டு மேலே ஏறினால் போதும். வீரணனுக்கு அந்த இடம் தெரியும், பார்க்கப் பிடிக்காமல் ஆறு வருஷமாக ரோந்து வழியையே வளைத்துவைத்திருந்தான், கருகின மரக்கட்டைகள் வரிசையாக நிற்கிற சரிவு, பொந்துக்குள் கரி இன்னும் இருக்கும், நனையாமல் இருக்கும். அட, வேறு எங்காவது இருக்கக் கூடாதா. அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்று ஊரில் எல்லாருக்கும் ஒரு கதை தெரியும், துடைப்பம் கட்டச் சீமாறுப் புல் அறுக்க வந்த சடையன் பீடி பற்றவைத்து எறிந்தான், அவனைப் பிடித்துக் கொண்டுபோனார்கள், எட்டு மாசம் உள்ளே இருந்தான், வெளியே வந்து மலைப்பக்கமே திரும்பவில்லை. என் பீடியை அணைத்துவிட்டுத்தான் எறிந்தேன் என்று அன்றைக்கு வீரணன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான், அணைத்தேனா, அணைத்தேன், பாறையில் தேய்த்தேனே, தேய்த்தேனா. இரண்டு மலை எரிந்தது. சினையாக இருந்த காட்டுமாடு ஒன்று ஓட முடியாமல் நின்ற வாக்கில் வெந்து கிடந்தது. ரேஞ்சர் எல்லாரையும் கோயிலில் நிறுத்தி, என்னிடம் நெருப்பு இருக்கவில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். சடையன் அழுதான், அணைக்கப் போன கை நடுங்கிப் பின்வாங்கியது, பயந்த மனுஷன், குற்றமில்லாதவனுக்குத்தான் சாமி பயம் அதிகம். வீரணன் முன்னால் போய் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்தான், கை நடுங்கவில்லை. அந்த வருஷம் ஐப்பசியில் அவன் பெண்டாட்டி வயிற்றில் ஒன்பது மாசப் பிள்ளை அசைவு நின்றுபோனது. டாக்டர் ஏதோ கொடி சுற்றியது என்று காரணம் சொன்னார். வீரணன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு அவன் பீடி தொட்டதில்லை, அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை, இந்தப் பவுனைத்தான் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்த்தான்.

பல் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? திரும்பிப் பார்த்தான், தவசி கண் திறந்துதான் இருந்தான், நடுக்கம் அடங்கி அமைதியாகக் கிடந்தான், அப்பாடா, குளிர் விட்டிருக்கிறது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டான். பிறகு உதட்டைப் பார்த்தான். நாவல்பழம் தின்ற பிள்ளை உதடுபோல் இருந்தது. மாப்ள, மாப்ள என்று கன்னத்தில் தட்டினான், கன்னம் ஓடைக் கல்லாக இருந்தது. மேலே போய்க் கரி எடுத்து வருகிறேன், இந்தா வந்துவிட்டேன், தூங்கிவிடாதே என்றான். தவசி அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மச்சான், பவுனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"நான் இருக்கேன் மாப்ள. நான் பாத்துக்க மாட்டேனா."

"அதில்ல" என்றான் தவசி. வாய் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தது, நாக்கு புரளவில்லை, கண் மட்டும் வீரணனையே பார்த்துவிட்டு, பிறகு இறங்கித் தன் இடுப்பைப் பார்த்தது, பிறகு மூடிக்கொண்டது. வலி தாங்கவில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டு வீரணன் ஓடினான். ஓட்டமா அது, நாலு காலில் ஏறினான், ஈரப் புல்லைப் பிடித்து, ஆலங்கட்டி உருகின சகதியில் முழங்கால் தேய. நல்லாக் கேட்டான் ஒரு கேள்வி, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல என்று, சாகப்போகிறவன்தான் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கேட்பான், சாகவெல்லாம் மாட்டான், தொடை முறிந்தவன் எவன் செத்திருக்கிறான். தண்ணீரில் எவ்வளவு நேரம் கிடந்தான். சின்ன நேரம்தான். தொடை ஏன் அப்படிப் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. கருகின கட்டைகள் வந்துவிட்டன. ஆறு வருஷத்தில் அவற்றைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது, கட்டைகள் மட்டும் அப்படியே கறுப்பாக நின்றன, அவனையே பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி, வாடா வா என்பது மாதிரி. பார்க்கவில்லை அவன். பெரிய கட்டையின் பொந்துக்குள் தோள்வரை கையை விட்டான், உள்ளே தேளோ பாம்போ இருந்தால் இருக்கட்டும் கொத்தட்டும், விரலில் பொருபொருவென்று உதிர்ந்தது, காய்ந்த கரி, நல்ல கரி. நான் போட்ட தீயின் கரி. ஒரு கைப்பிடி போதும், இரண்டு கைப்பிடி எடுத்தான், பனியனில் கட்டிக்கொண்டு இறங்கும்போது சாமிக்கு ஒரு கணக்கு இருக்கிறதோ என்று பட்டது, இதற்காகத்தான் அன்றைக்கு எரிந்ததோ என்று, அப்படி நினைத்ததற்காகத் தன் வாயிலேயே ஓர் அடி போட்டுக்கொண்டான்.

பஞ்சில் கரியைப் போட்டுப் பிசைந்தான். கல்லை இன்னொரு கல்லில் உடைத்துப் புது முனை எடுத்தான், முனை கத்தியாக இருந்தால்தான் இரும்பைச் சீவும் என்பது இவ்வளவு நேரம் கழித்துப் புத்திக்கு வந்தது. பஞ்சைக் கல்லின்மேல் வைத்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, அரிவாள் முதுகால் மேலிருந்து கீழே ஒரு சீவல். இன்னொன்று. இன்னொன்று. பொறி ஒன்று பஞ்சின் ஓரத்தில் விழுந்தது, விழுந்து, சாகவில்லை. சிவப்பாக ஒரு புள்ளி. ஊசிமுனை அளவு. வீரணன் மூச்சு விடவில்லை, விட்டால் அணையும், விடாவிட்டாலும் அணையும், மெல்ல, பிள்ளை கண்ணில் தூசி விழுந்தால் ஊதுவோமே அந்த ஊதல், பவுனுக்கு எத்தனை தடவை ஊதியிருக்கிறான், புள்ளி நகர்ந்தது, கடுகானது, மிளகானது. வெந்த ரோமம்போல் வாடை வந்தது. குடைவின் உச்சியில் ஏதோ குருவி கட்டிப் போட்டுப்போன பழைய கூடு ஒன்று இருந்ததை வந்தபோதே பார்த்துவைத்திருந்தான், அதைப் பிய்த்தெடுத்து உள்ளே பஞ்சை வைத்து இரண்டு கையாலும் பொத்தி ஊதினான், புகை கண்ணை எரித்தது, எரிய எரிய ஊதினான், குப்பென்று பிடித்தது. கத்திவிட்டான். நெருப்பைப் பார்த்துப் பதினாலு வருஷத்தில் முதல் தடவை சந்தோஷத்தில் கத்தினான். குடைவுக்குள் ஒதுங்கியிருந்த சருகு, சுள்ளி, அரிவாளால் ஈரப் பட்டையைச் சீவி எடுத்த உள்கட்டை, ஒன்றொன்றாக ஊட்டினான், முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. மாப்ள, பத்திக்கிச்சு மாப்ள, பாரு என்று சொல்லிக்கொண்டே தவசியை நெருப்புப் பக்கம் இழுத்தான். தவசி கத்தவில்லை. பத்து அடி தூக்கினதற்கே மலை அதிரக் கத்தினவன் இப்போது இழுத்த இழுப்புக்கு வந்தான். கையைத் தேய்த்தான், நெஞ்சைத் தேய்த்தான், வாயில் காது வைத்துக் கேட்டான், நெருப்பு படபடவென்று வெடித்ததில் ஒன்றும் கேட்கவில்லை, நெருப்புச் சத்தம்தான், அதனால்தான் கேட்கவில்லை. ஈரத் துணிதான் கோளாறு, இதை அப்போதே உருவியிருக்க வேண்டும், அவன் சொன்னான் என்று நான் விட்டேனே. இடுப்பைப் பொத்தியிருந்த கையை எடுத்துத் தள்ளி வைத்தான், அது வைத்த இடத்தில் கிடந்தது, அரிவாளை உள்ளே விட்டுக் கால்சட்டையை மேலிருந்து கீழே கிழித்தான். உள்ளே பட்டாபட்டி டிராயர். டிராயர் பையில் கட்டியாக ஏதோ இருந்தது. பிளாஸ்டிக் தாள், நாலு மடிப்பு, வாயை முடிச்சுப் போட்டு ரப்பர் வளையம் மாட்டியிருந்தது. பிரித்தான். பீடி நாலு. ஒரு தீப்பெட்டி. ஆட்டிப் பார்த்தான், கடகடவென்று சத்தம் கேட்டது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

கையில் பெட்டி இருந்தது, முன்னால் நெருப்பு இருந்தது, இரண்டும் எதற்கு ஒரே இடத்தில் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கோபம் வந்தது, மடையா, அடே மடையா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, இரண்டு மணி நேரம் நான் கல்லோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாயே, வேலை போய்விடும் என்றா, ரேஞ்சரிடம் சொல்லிவிடுவேன் என்றா, அப்படியா என்னை நினைத்தாய். தவசியின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்போதுதான் காலையில் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம் ஞாபகத்துக்கு வந்தது, காற்றில் இல்லாத தலைமேல் வைத்த கை ஞாபகத்துக்கு வந்தது. பெட்டியை வெளியே எடுத்தால் சத்தியம் பொய்யாகிவிடும். பொய்யானால் யார் தலையில் விழும். எடுக்காதவரைக்கும் இல்லை, யாரும் பார்க்காதவரைக்கும் வேறு இல்லை, அப்படித்தான் பொத்திப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான், பல் அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள, தன் உயிரையும் பிள்ளை உயிரையும் இரண்டு கையில் வைத்து நிறுத்துப் பார்த்துக்கொண்டு. கடைசியில் தாங்காமல்தான் கேட்டிருக்கிறான், பவுனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல என்று. தான் போன பிறகு பிள்ளை சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்கவில்லை அவன். எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். ஆகாது மாப்ள, எடு, சத்தியமாவது மண்ணாவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யார் சொல்வது. சூடம் அணைத்த கைக்காரன் எப்படிச் சொல்வான், ஐப்பசி மாசத்து ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தவன் எப்படிச் சொல்வான், ஒன்றும் ஆகாது என்று.

கீழே சரிவில் விசில் கேட்டது, நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, தீ கண்டால் ஊதுகிற விசில். பொழுது இன்னும் விழவில்லை, மழை கழுவிவிட்ட வானத்தில் புகை நேராகப் போயிருக்கும், பக்கத்துக் கேம்ப்பில் பார்த்திருப்பார்கள், பச்சைத் தழை ஒடித்துக்கொண்டு அடித்து அணைக்க ஓடி வருகிறார்கள். வந்ததும் கேட்பார்கள், நெருப்பு ஏது என்று. பார்ப்பார்கள், பெட்டியைப் பார்ப்பார்கள். தவசி கொண்டுவந்திருந்தானாம், பொய்ச் சத்தியம் பண்ணினானாம் என்று ஊருக்குள் போகும், பேச்சி காதுக்குப் போகும், நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்து இழுத்தால் அவரவர் மூக்கில் விரலை வைத்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்பார்கள், பிள்ளையும் வளர்ந்து ஒருநாள் கேட்கும். வீரணன் கிழித்த துணியை இழுத்துத் தவசியின் இடுப்பை மூடினான், மேலே அவன் கையைத் தூக்கி முன்பு இருந்த இடத்திலேயே வைத்தான். பிளாஸ்டிக்கையும் பீடியையும் நெருப்பில் போட்டான். கடைசியாகத் தீப்பெட்டியைப் போட்டான். அட்டை கறுத்து மடங்கியது, உள்ளே அத்தனை குச்சியும் ஒன்றாகச் சீறி எரிந்தன, ஒரு கணம் பாறைக் குடைவு முழுக்க வெளிச்சமானது, தவசியின் முகத்தில்கூட ரத்தம் ஓடுவதுபோல் தெரிந்தது. எரிந்து முடிகிறவரை வீரணன் பார்த்துக்கொண்டிருந்தான், சாம்பலைக் குச்சியால் கலைத்தும் பார்த்தான். பிறகு குனிந்து அவன் காதருகே சொன்னான்.

"வேற இல்ல மாப்ள."

விசில் பக்கத்தில் வந்துவிட்டது. வீரணன் வெள்ளைக் கல்லையும் அரிவாளையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நெருப்புக்கு முன்னால் எடுத்து வைத்தான்.